பெயர் தெரியவில்லையா, அட்டை தூங்குகிறதா? லினக்ஸுக்கான டிஎன்எஸ், வன்பொருள் தேர்வுகள்: ஓர் ஒப்பீடு

லினக்ஸ் கணினியில் பக்கம் திறக்கவில்லை என்றால் பழி உடனே டிஎன்எஸ் மேல், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையின் மேல், விழுகிறது. ரவுட்டரைத் திற, கூகுளின் டிஎன்எஸ் எண்ணைப் போடு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சில நேரம் அது பலிக்கவும் செய்யும். மற்ற நேரங்களில் குற்றவாளி மடிக்கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வைஃபை அட்டை. உலாவியில் தெரியும் பிழைச் செய்தி பல சமயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

டிஎன்எஸ் சர்வரை மாற்ற ஒரு நிமிடம் போதும், காசும் வேண்டாம். வைஃபை சிப்போ வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அதைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். ஆகவே கோளாறு தேடும்போது டிஎன்எஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும், வாங்கும்போது சிப்பிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்த டிஎன்எஸ் வேகமானது என்று நாள்கணக்கில் வாதிட்டுவிட்டு, கணினியை மட்டும் விலைச்சீட்டைப் பார்த்து வாங்கிவருகிறார்கள்.

முதலில் இருவரையும் பிரித்துப் பார்ப்போம். 9.9.9.9 என்ற பொது டிஎன்எஸ் சர்வரின் எண்ணுக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு ஏதாவதொரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங். எண் பதில் தந்து பெயர் தராவிட்டால் டிஎன்எஸ்தான். இரண்டுமே மௌனம் என்றால் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. இந்தச் சோதனைக்கு 1.1.1.1 என்ற எண்ணை நான் பயன்படுத்துவதில்லை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 ஏப்ரல் 1 அன்று அதைப் பொது டிஎன்எஸ் சேவையாகத் திறப்பதற்கு முன்பே பல வைஃபை கருவிகள் அந்த எண்ணைத் தங்கள் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தன. விடுதி, கல்லூரி இணைப்புகளில் அந்த பிங் உள்ளூர் லாகின் பெட்டியோடு நின்று, எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றலாம்.

மூன்றாவது பிங் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் செய்வதே இல்லை. உங்கள் ரவுட்டருக்கே அனுப்பிப் பாருங்கள், அரை நிமிடம் ஓடவிடுங்கள். அறைக்குள் இருக்கும் ரவுட்டர் இரண்டு மூன்று மில்லி விநாடியில் சீராகப் பதில் தர வேண்டும். 3, 4, 280, 5, பதிலே இல்லை, 190 என்று எண்கள் துள்ளினால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. அப்படியானால் பிழைச் செய்தி மட்டும் ஏன் டிஎன்எஸ்ஸைக் காட்டுகிறது? டிஎன்எஸ் கேள்வி வழக்கமாக யுடிபி முறையில், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத ஒற்றைப் பொதியாகப் போகிறது. அது வழியில் தொலைந்தால், லினக்ஸின் மரபான அமைப்பு 5 விநாடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு இறக்கம் டிசிபியில் போவதால் தொலைந்ததைச் சட்டென்று மீட்டுக்கொள்கிறது. முன்பு திறந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், புதிய பக்கம் மட்டும் திறக்காது. பார்ப்பவர் டிஎன்எஸ் என்றே முடிவுகட்டுவார். பல சமயங்களில் உண்மைக் காரணம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அட்டை அவ்வப்போது கண்ணயர்வதுதான். 'ஐடபிள்யூ' கட்டளையால் அந்த மின்சேமிப்பை அணைத்துவிட்டு மறுபடி பிங் செய்து பாருங்கள். எண்கள் சீரானால் டிஎன்எஸ் நிரபராதி.

டிஎன்எஸ்தான் என்று உறுதியானால், சர்வரிடம் நேராகக் கேட்கும் 'டிக்' கட்டளை போதும். அதன் பதிலில் ஒரு சொல்லைத்தான் பார்க்க வேண்டும். 'என்எக்ஸ்டொமைன்' என்றால் அப்படியொரு பெயரே இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். 'செர்வ்ஃபெயில்' என்றால் உங்களுக்காகக் கேட்கப்போன சர்வர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. எந்தச் சொல்லும் வராமல் காலம் கடந்தால் உங்களுக்கும் சர்வருக்கும் இடையிலான வழியில் அடைப்பு, அல்லது சர்வரே விழுந்துகிடக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பெயர்ச் சர்வர்களுக்குப் போகும் வழிகளே இணையத்தின் பாதை அறிவிப்புகளிலிருந்து மறைந்தன. சுமார் ஆறு மணி நேரம் கூகுளைக் கேட்டவருக்கும் கிளவுட்ஃபிளேரைக் கேட்டவருக்கும் கிடைத்தது அதே செர்வ்ஃபெயில்தான். பெயருக்கு உரிய சர்வரே விழுந்துகிடக்கும்போது நடுவில் இருப்பவரை மாற்றிப் பயனில்லை.

உபுண்டு வகை லினக்ஸைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 'டிக்' சும்மா கேட்டால் கேள்வி 127.0.0.53 என்ற உள்ளூர் எண்ணுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பது 'சிஸ்டம்டி ரிசால்வ்டு', கேள்விகளை வாங்கி வெளிச் சர்வருக்கு அனுப்பும் உள்ளூர் நிரல். வெளிச் சர்வரின் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு முறை கேளுங்கள். வெளியே சரியான பதில், உள்ளே தவறு என்றால் கோளாறு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. வெளிச் சர்வரிடம் கேட்கும் 'டிக்', பெயர்களுக்கான எண்களைக் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். எப்போதோ சோதனைக்காக அந்தக் கோப்பில் எழுதிவைத்த ஒரு வரி உலாவியைக் கெடுத்துக்கொண்டிருக்கும், அப்படிக் கேட்ட 'டிக்' மட்டும் எல்லாம் நலம் என்று சொல்லும். 'கெட்என்ட்' கட்டளை அந்தக் கோப்பையும் சேர்த்துப் பார்க்கும்.

இனி யாரிடம் கேட்பது? கூகுளின் 8.8.8.8 பொதுச் சேவை 2009 டிசம்பரில் வந்தது. குவாட்9 அமைப்பின் 9.9.9.9 2017இல் வந்தது, அடுத்த ஆண்டு கிளவுட்ஃபிளேர். வேகத்தில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும், மனிதக் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கூகுள் உங்கள் முகவரியின் ஒரு பகுதியை, கேட்கும் தளத்தின் சர்வருக்குச் சொல்கிறது. அதனால் வீடியோ போன்றவை பக்கத்து ஊர் சர்வரிலிருந்து வர வாய்ப்பு அதிகம். அந்தரங்கம் அந்த அளவுக்குக் குறைவு. கிளவுட்ஃபிளேர் அப்படிச் சொல்வதில்லை. குவாட்9இன் 9.9.9.9 எண்ணும் சொல்வதில்லை. கூடவே தீங்கான தளங்களின் பெயர்களைத் தடுத்துவிடுகிறது. 2021இல் அதன் தலைமையிடம் சுவிட்சர்லாந்துக்கு மாறியது. வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் ஒரே இணைப்பைப் பயன்படுத்தினால் நான் குவாட்9 பக்கம். கூகுளை ஒப்பிட்டுப் பார்க்கும் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வேன். இணைப்பு தரும் நிறுவனத்தின் சொந்தச் சர்வர் மிக அருகில் இருக்கும். ஆனால் இல்லாத பெயருக்கும் ஒரு விளம்பரப் பக்கத்தைக் காட்டும் வழக்கம் சில நிறுவனங்களிடம் உண்டு. அது கோளாறு தேடுபவனின் கண்ணில் மண்ணைத் தூவுகிறது.

இரண்டு எண்களைப் போடும்போது ஒரு நுணுக்கம். முதலாவதாகத் தடுக்கும் சர்வர், இரண்டாவதாகத் தடுக்காத சர்வர் என்று போடுவது வீண். மரபான அமைப்பு எப்போதும் முதல் எண்ணிலிருந்தே தொடங்கும். அது இறந்திருந்தால் கேச் (முன்பு சேமித்த பதில்) இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் 5 விநாடி தாமதம். எல்லாம் திறக்கும், ஆனால் இழுத்து இழுத்துத் திறக்கும். 'ரிசால்வ்டு' அப்படியல்ல. முதலாவது ஒருமுறை சொதப்பினால் இரண்டாவதற்குத் தாவி அங்கேயே தங்கிவிடும். தடுப்பு போய்விட்டதே உங்களுக்குத் தெரியாது. 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 ஏறத்தாழ ஒரு மணி நேரம் உலகளவில் நின்றுபோனது. ஆகவே இரண்டு எண்களும் இரண்டு அமைப்புகளுடையவையாக இருக்கட்டும், கொள்கை மட்டும் ஒத்திருக்கட்டும்.

வீட்டிலேயே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் சர்வர் வைக்க நினைப்பவர்களிடம்தான் மென்பொருளும் வன்பொருளும் நேருக்கு நேர் மோதுகின்றன. 'டிஎன்எஸ்மாஸ்க்', அதன் வழிவந்த நிரலில் ஓடும் 'பை-ஹோல்' ஆகியவை கேள்வியை வெளிச் சர்வருக்குத் தள்ளிவிட்டு பதிலைச் சேமிப்பவை. விளம்பரத் தடுப்புக்கு இவை போதும். 'அன்பவுண்ட்' டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிலிருந்து தொடங்கித் தானே தேடி, பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தையும் சரிபார்க்கும். எனக்குப் பிடித்தது 'அன்பவுண்ட்'. ஆனால் அதை எந்தப் பெட்டியில் ஓட்டுகிறோம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது.

எல்லோரும் வாங்குவது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. மின்சாரம் சொற்பம், சத்தம் இல்லை. ஆனால் பை 4 வரைக்கும் அதில் மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணைந்தால் கடைசியாக எழுதிவைத்த நேரத்திலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்கும். நான்கைந்து நாள் ஊருக்குப் போகும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். திரும்பிவந்து போட்டதும் பை இன்னும் போன வாரத்திலேயே இருக்கிறது. டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் உண்டு. இன்றைய கையொப்பம் பையின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. 'அன்பவுண்ட்' அதைப் போலி என்று நிராகரிக்கிறது. வீடு முழுவதும் செர்வ்ஃபெயில். நேரத்தைச் சரிசெய்ய நேரச் சர்வரைக் கேட்க வேண்டும், அந்தச் சர்வரின் முகவரிக்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்குச் சரியான நேரம் வேண்டும். 'டிக்' கட்டளையில் சரிபார்ப்பைத் தவிர்க்கச் சொல்லும் 'கூட்டல் சிடி' விருப்பத்தைப் போட்டவுடன் பதில் வந்துவிட்டால் நோய் இதுதான்.

மருந்து எளிது: ஒரு நேரச் சர்வரையாவது பெயராக அல்லாமல் எண்ணாகவே எழுதிவையுங்கள். இல்லையென்றால் பை 5 வாங்கி, அதில் இருக்கும் கடிகாரத்துக்குத் தனியே விற்கும் சிறு மின்கலத்தையும் சேர்த்து வாங்குங்கள். அதைவிட, அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சின்ன டெஸ்க்டாப் பெட்டிகளைப் பரிந்துரைப்பேன். மின்சாரம் பையைவிடச் சில மடங்கு செலவாகும், அதை மறைக்க முடியாது. ஆனால் காசு அளவு மின்கலத்தோடு கடிகாரம் இருக்கிறது, எஸ்டி கார்டு தேய்ந்துபோகும் கவலை இல்லை, கேபிள் இணைப்பும் இருக்கிறது. பழைய பெட்டி என்றால் அந்த மின்கலத்தை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

மடிக்கணினிக்கு வருவோம். வைஃபை சிப்பில் என் முதல் தேர்வு இன்டெல். அதன் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரலான ஃபர்ம்வேர் எல்லா முக்கிய லினக்ஸ் வெளியீடுகளிலும் கூடவே வருகிறது. ஏஎக்ஸ்210 தனியட்டை, ஏஎம்டி கணினியிலும் ஓடும். பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், ஏஎக்ஸ்211, அது ஓடாது. அந்த அட்டையில் ரேடியோ பகுதி மட்டுமே இருக்கிறது, மீதி வேலையை இன்டெல் தளமே செய்ய வேண்டும். ஏஎம்டி பலகையில் செருகினால் ஒழுங்காகப் பொருந்தும், கணினிக்கு மட்டும் அப்படியொரு அட்டை இருப்பதே தெரியாது. இணையக் கடைகளில் இரண்டும் அடுத்தடுத்து விற்பனைக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாமிடம் மீடியாடெக். ஏஎம்டி மடிக்கணினிகளில் ஆர்இசட்608, ஆர்இசட்616 என்ற பெயரில் வருபவை உண்மையில் மீடியாடெக்கின் சிப்கள்தான். டிரைவர் கர்னலுக்குள் இருக்கிறது. கர்னல் புதிதாக இருந்தால் தொல்லை குறைவு.

ரியல்டெக்கை ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது. அதன் கேபிள் அட்டைகள் லினக்ஸில் நெடுங்காலமாக ஓடுகின்றன. புதிய வைஃபை சிப்களுக்கும் கர்னலில் டிரைவர் வந்துவிட்டது. பழைய மலிவு மாதிரிகள்தான் வம்பு. ஆர்டிஎல்8723பிஇ ஒரு நல்ல உதாரணம். செலவை மிச்சம் பிடிக்கச் சில மடிக்கணினிகளில் ஒரே ஓர் ஆன்டெனாவைத்தான் வைத்தார்கள். டிரைவரோ இன்னொரு முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சிக்னல், அடுத்த அறைக்குப் போனால் பூஜ்யம். டிரைவரின் ஆன்டெனா தேர்வை 1 அல்லது 2 என்று எழுதினால் சரியாகிவிடும்.

பிராட்காம் இருந்தால் நான் வாங்குவதில்லை. அதன் பழைய சிப்கள் சிலவற்றுக்கு மூடிய டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும், ஒவ்வொரு கர்னல் மாற்றத்தின்போதும் அது மறுபடி கட்டப்பட வேண்டும், கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பப் பிரச்சினை வேறு. ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: கைபேசியை யுஎஸ்பி கேபிளால் செருகி இணைப்பைப் பகிருங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் அட்டையாகவே பார்க்கும். டிரைவரை இறக்கிக்கொள்ள அது போதும். டெபியன் லினக்ஸ் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டதால், இணையத்தை இயக்கவே இணையம் தேவைப்பட்ட பழைய கொடுமை பெருமளவு குறைந்துவிட்டது.

கிராஃபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் திறந்த டிரைவர் கர்னலில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் மேடையிலேயே கைவிரலைக் காட்டித் திட்டிய என்விடியா, 2022 மே மாதத்தில் தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. 2018இல் வந்த டூரிங் வரிசையும் அதற்குப் பிறகு வந்தவையும் அதில் அடங்கும். செயற்கை நுண்ணறிவு வேலைக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அது தேவையில்லை.

'டாஸ்' என்று போட்டு விண்டோஸ் இல்லாமல் விற்கும் மலிவு மடிக்கணினி லினக்ஸுக்கு உகந்தது என்று கருதிவிடாதீர்கள். விண்டோஸ் உரிமத்தின் விலை கழிந்திருக்கிறது, அவ்வளவுதான். கடையிலேயே பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டிப் பாருங்கள். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'கழித்தல் கே' விருப்பத்தோடு ஓட்டி, வைஃபை அட்டையின் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடியை மூடித் திறந்து, வைஃபை தானாக எழுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் பென்டிரைவைச் செருக விடவில்லை என்றால் காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸிலேயே சாதன மேலாளரைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. வைஃபை அட்டையின் விவரங்களில் வன்பொருள் அடையாளம் என்ற வரியில், 'வென்' என்ற எழுத்துகளை அடுத்து ஓர் எண் இருக்கும். 8086 என்றால் இன்டெல், 14சி3 மீடியாடெக், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். பெட்டியின் மேல் அச்சிட்ட மாதிரிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்; அதே பெயரில் அடுத்த சரக்கில் வேறு அட்டை வந்திருக்கலாம். அதனால் பணத்தைக் கொடுக்கும் முன் காட்சிக் கணினியில் மட்டுமல்லாமல், நீங்கள் எடுத்துப்போகும் கணினியிலேயே அந்த எண்ணைப் பாருங்கள்.