பள்ளிக்கரணையில் மாலை வெயில்: எந்தப் பக்கம் பார்த்து நின்று படமெடுப்பது?

சதுப்புநிலப் பறவைகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் எந்த லென்ஸ் என்று விசாரிக்கும் அளவுக்கு எந்தத் திசை என்று விசாரிப்பதில்லை. மாலையில் முதலில் முடிவாக வேண்டியது திசைதான். டிசம்பரில் சென்னையில் சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை உயரத்துக்கு இறங்கியதிலிருந்து மறைய ஏறத்தாழ 27 நிமிடமே ஆகிறது. நம் ஊரில் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவதே காரணம். ஓர் இடத்தில் நின்று பார்த்து, சரிப்படாமல் வண்டியை எடுத்து இன்னோர் இடம் போவதற்குள் பொன்னொளி தீர்ந்துவிடும்.

தென்சென்னைச் சதுப்புநிலமான பள்ளிக்கரணையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மேற்கு விளிம்பான வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை நடைபாதையில் நின்று தெற்கே பார்த்தால் வெயில் பக்கவாட்டில் வரும். அங்கேயே தென்மேற்காகத் திரும்பினால் எதிர்வெயில். சதுப்பின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக் காடு. 2022 முதல் ராம்சார் தலம், அதாவது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அனுமதியில்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. ஆகவே மூன்றுமே வெளியிலிருந்து எடுக்கும் வழிகள்.

முதுகில் வெயில்

புதியவர்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எக்ஸ்போஷர் (படத்துக்கு வேண்டிய ஒளியளவு) எளிது, ஃபோகஸ் தடுமாறாது, நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால்கள் அப்படியே நிறத்தோடு வரும். வெள்ளைக் கொக்கு மட்டும் ஏமாற்றும். இருண்ட நீர்ப் பின்னணியில் கேமரா தானாக ஒளியைக் கூட்டிவிடும், 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறைத்து வைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). அப்போதும் ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு நிறத்துக்கான வரைகோட்டைத் தனியாகப் பாருங்கள். இறங்குவெயிலில் சிவப்புதான் முதலில் வலது ஓரத்தில் முட்டும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும்போதே இறகின் விவரம் போயிருக்கும்.

ஆனால் இந்த வழியின் பெரிய குறை ஒளியில் இல்லை, காற்றில் இருக்கிறது. நீர்ப்பறவைகள் ஓய்வாக நிற்கும்போது பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். வலசைப் பறவைகள் வந்து சேரும் காலத்தில் இங்கே வாடைக்காற்று. வாடை ஓய்ந்தபின் மாலையில் கடற்காற்று. இரண்டுமே கிழக்குப் பக்கமிருந்து வருபவை. மேற்கே நின்றால் உங்களுக்குக் கிடைப்பது வால்தான். அழகான வெயில், கூர்மையான ஃபோகஸ், கண் மட்டும் இருக்காது. போதாக்குறைக்குப் பின்னணியில் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) கட்டடங்கள். அவற்றின் கண்ணாடிகளும் அதே வெயிலை வாங்கிப் பறவைக்கு மேலே பளிச்சிடும்.

பக்கவாட்டு வெயில்

காற்றுக்கு முகம் கொடுத்த பறவை, ரேடியல் சாலையிலிருந்து தெற்கே பார்க்கிறவருக்குப் பக்கத் தோற்றமாகத் தெரியும். நாரைக்கும் உள்ளானுக்கும் வேண்டியது இதுதான்: அலகும் கழுத்தும் காலும் முழு நீளத்தில். பக்கவொளி இறகை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். நெடுங்கால் உள்ளானின் கருஞ்சிறகில் முதுகு வெயிலில் தெரியாத பச்சை மினுமினுப்பு இதில் தெரியும்.

இடைஞ்சலும் உண்டு. டிசம்பரில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. சுமார் 24 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. அதனால் தெற்கே பார்த்தால் வெயில் பக்கத்திலிருந்து கொஞ்சம் எதிராகவும் வரும், முகம் நிழலில் விழும். அந்த மாதத்தில் தென்கிழக்காகத் திரும்பி எடுப்பது நல்லது. மார்ச் 20 வாக்கில் சூரியன் நேர் மேற்கில் மறையும்போது தெற்கே பார்த்தாலே சுத்தமான பக்கவொளி. பறவை தலையை வெயில் பக்கம் திருப்பும் நொடிக்குக் காத்திருங்கள். கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்தால்தான் படம் உயிர்பெறும். இரை தேடும் பறவை அடிக்கடி தலை திருப்பும், ஓய்ந்து நிற்பது திருப்பாது. ஆகவே மேய்கிறவற்றையே தேர்ந்தெடுங்கள்.

தூரத்தையும் கணக்கிட வேண்டும். 600 மி.மீ. லென்ஸும் முழுச்சட்டக் கேமராவும் 50 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் உயரத்தைப் பிடிக்கும். பூநாரைக்கு அது தாராளம். 38 செ.மீ. உள்ளானோ சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதைத் தனியாக எடுக்காமல் நீர்ப்பரப்போடும் கூட்டத்தோடும் சேர்த்து எடுங்கள். நெருங்கப் பார்க்காதீர்கள். இரவுக்கு முன் கடைசி மேய்ச்சலில் இருக்கும் பறவையைக் கிளப்பிவிட்டால் அதன் தீனி கெடும்.

சூரியன் மறைய 20 நிமிடம் இருக்கையில் எஃப் 6.3, ஷட்டர் 1/1000 நொடி என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 1000 முதல் 2000 வரை போகும். நடக்கும் உள்ளானுக்கு 1/500 போதும். குத்தும் கொக்குக்கு 1/2000 இல்லாவிட்டால் அலகு கலங்கிவிடும். வொயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ அந்தப் பொன்னிறத்தைக் குறையாக நினைத்துத் திருத்திவிடும்.

எதிர்வெயில்

நிழலுருவத்துக்கு மட்டும். வானத்துக்கு அளந்து 1 முதல் 2 ஸ்டாப் குறையுங்கள். இரண்டு பறவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது, அலகு உடலிலிருந்து விலகித் தெரிய வேண்டும். கரண்டிவாயனை நேர்முகமாக எடுத்தால் என்ன பறவையென்றே தெரியாது. மின்னும் நீரில் ஆட்டோஃபோகஸ் அலைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியைக் கழுத்தின் விளிம்பில் வையுங்கள். முன்னால் மாட்டிய ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அதன் பிரதிபலிப்பு படத்தில் வட்டம் வட்டமாக விழும். ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

இறக்கை விரிக்கும் கொக்கு ஒன்றுதான் விதிவிலக்கு. ஒளி ஊடுருவி இறகு விளக்குபோல் எரியும். அதற்குப் பின்னணி இருண்ட கோரையாக இருக்க வேண்டும், வானமாக இருக்கக் கூடாது.

ஆக, முதல் 20 நிமிடம் ரேடியல் சாலையில் பக்கவொளி. சூரியன் தொடுவானம் தொடும்போது அதே இடத்தில் தென்மேற்கே திரும்பி நிழலுரு. மறைந்தபின் ஐந்து நிமிடம் நீரில் செம்மை நிற்கும். அசையாமல் நிற்கும் சாம்பல் நாரைக்கு அப்போது 1/125 போதும். நடைபாதைக் கைப்பிடிச் சுவர்மேல், லென்ஸுக்கு அடியில் துணிப்பையில் அரிசி நிரப்பி வையுங்கள்; லாரி போகும்போது மட்டும் கிளிக் செய்யாதீர்கள், சுவர் அதிரும்.