தலைக்கு மேலே நீல வானம், அதை நம்பி உள்ளே போகாதீர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பிளவுக்கு ஆகஸ்டில் மனைவி, மகளோடு போயிருந்தேன். டிக்கெட்டை ஓர் இடைத்தரகு இணையதளத்தில் வாங்கினேன். "எந்த வானிலையிலும் உறுதி" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டிவிட்டேன்.

காலையில் போனால் மூடிவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே மேகமே இல்லை. தெற்கே, வெகு தொலைவில் மட்டும் கறுத்திருந்தது. அந்த இடம் நவஹோ பழங்குடியினரின் நிலம்; அதை மூடிய நவஹோ வழிகாட்டிகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்கள் செய்ததுதான் சரி.

இடைத்தரகரை போனில் பிடித்தேன். வானிலைக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம், பணமும் திரும்ப வராதாம். "வேண்டுமானால் இதே மாதிரி இன்னொரு இடம் இருக்கிறது, எங்கள் ஆள் கூட்டிப்போவார்" என்றார்கள். சரி, வந்ததற்கு அதையாவது பார்ப்போம் என்று கிளம்பினோம்.

ஜீப்பில் வந்தவர் ஒரு வறண்ட ஓடைப் படுகையில் இறக்கிவிட்டார். இரண்டு கையையும் நீட்டினால் இருபக்கப் பாறையும் தொடும், அவ்வளவு குறுகலான பிளவு. நவஹோ நிலத்தில் அனுமதிச் சீட்டு வேண்டுமே என்று கேட்டேன். "இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மேலே பாருங்கள், மழையா பெய்கிறது?" என்றார்.

அந்தப் பேச்சுதான் எனக்கு உறைத்தது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது அங்கே அல்ல, பல மைல் தள்ளி, ஓடையின் மேல்பகுதியில். வெறும் பாறையும் இறுகிய மண்ணுமான அந்த நிலம் தண்ணீரைக் குடிக்காது. பெய்ததெல்லாம் வழிந்து ஓடைக்கு வந்து, இந்தப் பிளவுக்குள் நுழைந்ததும் மட்டம் மளமளவென்று ஏறிவிடும். நாம் படம் எடுக்க ஆசைப்படும் அந்த அலையலையான மணற்பாறைச் சுவர்களை அரித்து உண்டாக்கியதே இப்படிப்பட்ட வெள்ளங்கள்தான்.

மகள் அதற்குள் பத்தடி உள்ளே போயிருந்தாள். கத்திக் கூப்பிட்டேன். அந்த ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்து விட்டார். அன்று அந்தப் பிளவில் தண்ணீர் வந்ததா இல்லையா, தெரியாது. நான் போயிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். அப்போது போவதானால் நவஹோ நிர்வாகத்தின் உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனத்திடமே நேராகப் பதிவு செய்யுங்கள். மூடினால் பணம் திரும்ப வருமா என்று கட்டும் முன்பே கேளுங்கள். அப்புறம் நேரத்தையும் சரிபாருங்கள். கோடையில் நவஹோ பகுதி கடிகாரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், போன் தானாக மாறிக் குழப்பும்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். "எந்த வானிலையிலும் உறுதி" என்ற பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததால் அதையும் இணைத்தேன். பதில் இன்னும் வரவில்லை.