லிண்டோர், பாயெஸ், பெட்ஸ்: ஒரே டிராஃப்ட், மூன்று உள்வட்ட வீரர்கள்

2011 ஜூன் மாதம் நடந்த அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எட்டாவதாகக் கிளீவ்லாந்து அணி ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை எடுத்தது. அடுத்த வாய்ப்பிலேயே சிகாகோ கப்ஸ் ஹாவியர் பாயெஸை எடுத்தது. அதன் பிறகு நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்ட பின்னர், ஐந்தாம் சுற்றில் 172-ஆவது ஆளாக மூக்கி பெட்ஸைப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்தது. மூவரும் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாயில் இருந்த பையன்கள். மூவரும் உள்வட்டத்தில், அதாவது பேஸ்களை ஒட்டிய உட்களத்தில், ஆடியவர்கள். கையெழுத்துத் தொகையாக லிண்டோருக்கு 29 லட்சம் டாலரும், பாயெஸுக்கு 26 லட்சத்து 25 ஆயிரமும், பெட்ஸுக்கு ஏழரை லட்சமும் கிடைத்தன.

பல இடங்களில் ஆடக்கூடிய இளம் உள்வட்ட வீரனை எப்படி எடைபோடுவது என்ற கேள்விக்கு இந்த மூவரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பல இடங்களில் ஆடும் திறமை ஒரு வீரனின் வேலையைக் காப்பாற்றும். அவனை உச்சிக்குக் கொண்டுபோவது மட்டையைப் பிடித்து நிற்கும்போது பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண். இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்களின் அறிக்கைகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. குழப்பத்தின் விலையை அணிகள் பல ஆண்டுகள் கொடுக்கின்றன.

முதலில் உள்வட்டம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். கிரிக்கெட்டில் பாயின்டில் நிற்பவர் பந்தைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடித்தவர் ஓடாமல் நின்றுவிடலாம். பேஸ்பாலில் பந்தை உள்ளே அடித்தவன் ஓடியே ஆக வேண்டும். முதல் பேஸ், அவன் ஓடித் தொட வேண்டிய முதல் முனை, 90 அடி தூரம். வலக்கை ஆட்டக்காரன் ஒருவன் சராசரியாக 4.3 வினாடியில் அங்கே போய்ச் சேர்கிறான். அதற்குள் பந்தைப் பிடித்து, கையுறையிலிருந்து எடுத்து, எறிந்து முடிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இதைக் களத்தின் ஆழத்திலிருந்து, ஓடிக்கொண்டே செய்கிறான். கால், கை, தோள் மூன்றும் அவனுக்கு வேண்டும். மூன்றாம் பேஸில் ஓட்டம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் சுடச்சுட வரும் பந்துக்கு உடம்பு கண்ணிமைப்பில் அசைய வேண்டும், எறிதலும் நீளம். இரண்டாம் பேஸில் எறிதூரம் குறைவு. அங்கே சிக்கல் வேறு: ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் இரட்டை அவுட் எடுக்கும்போது, சறுக்கி வருபவனுக்கு இடம் கொடுக்காமல் சுழன்று எறியும் பாதவேலை.

ஆகவே நல்ல ஷார்ட்ஸ்டாப்பை எங்கும் நிறுத்தலாம் என்று அணிகள் நம்புகின்றன. டிராஃப்டில் பள்ளி ஷார்ட்ஸ்டாப்களுக்கு எப்போதும் கிராக்கி இருப்பது இதனால்தான்.

ஸ்கவுட்கள் ஐந்து திறன்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள்: பந்தைத் தொடர்ந்து அடிப்பது, வலு, ஓட்டம், எறிதல், தடுப்பு. 50 என்றால் உச்ச நிலையான மேஜர் லீக்கின் சராசரி. பல இடங்களில் ஆடும் திறமைக்குத் தனிக் கட்டம் கிடையாது. அறிக்கையின் கடைசி வரியில், ‘தேவைப்பட்டால் இரண்டாம் பேஸுக்கு மாறலாம்’ என்று ஒரு வாக்கியமாக அது வந்து நிற்கும். அந்த வாக்கியத்துக்கு இரண்டு எதிரெதிர் பொருள்கள் இருக்கலாம். ஒருவன் எதையும் செய்யத் தெரிந்ததால் இடம் மாறுகிறான். இன்னொருவன் எந்த இடத்துக்கும் முழுமையாகப் போதாததால் மாற்றப்படுகிறான். இதில் எது என்று பிரித்து எழுதாத அறிக்கையால் பயன் இல்லை.

தடுப்பாட்டத்திலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்குகிறேன். அங்கே மூவருக்கும் இடையே வரிசை தெளிவாக இருந்தது. லிண்டோர் போர்ட்டோ ரிக்கோவின் காகுவாஸில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் ஃபுளோரிடாவுக்கு வந்து, மோன்ட்வெர்டே அகாடமியில் படித்தவர். டிராஃப்ட் அன்று அவருக்கு வயது பதினேழு. அந்த வயதிலேயே, வளர்ந்த பிறகும் அவர் ஷார்ட்ஸ்டாப்பில்தான் இருப்பார் என்பதில் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. இது பெரிய விஷயம். பள்ளி ஷார்ட்ஸ்டாப்களில் பலர் இருபது வயதுக்குள் இடுப்பும் தோளும் அகன்று மூன்றாம் பேஸுக்கோ வெளிக்களத்துக்கோ போய்விடுவார்கள். லிண்டோர் போகவில்லை. 2016-இல் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதும், அதற்கு மேலான பிளாட்டினம் கையுறையும் பெற்றார். இன்றுவரை அவர் ஆட்டம் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான்.

பாயெஸும் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து ஃபுளோரிடாவில் பள்ளி முடித்தவர்தான். கைகள் மின்னல், எறிதல் மிக வலுவானது. ஆனால் அவர் ஷார்ட்ஸ்டாப்பில் நிலைப்பாரா என்ற கேள்வி அவரைப் பின்தொடர்ந்தது. அப்போது பார்த்தவர்கள் அதைக் குறையாக எழுதினார்கள். கப்ஸ் அதையே பயனாக மாற்றியது. 2016-இல் ஷார்ட்ஸ்டாப்பில் அடிசன் ரஸல், மூன்றாம் பேஸில் கிரிஸ் பிரையன்ட், இரண்டாம் பேஸில் பென் ஸோப்ரிஸ்ட் என்று உள்வட்டம் நிரம்பியிருந்தது. பாயெஸ் அந்த மூன்று இடங்களிலும் மாறிமாறி ஆடினார். அவர் இரண்டாம் பேஸில் நின்றால் ஸோப்ரிஸ்ட் வெளிக்களத்துக்குப் போகலாம். மூன்றாம் பேஸில் நின்றால் பிரையன்ட் போகலாம். ஒருவர் நகர முடிந்ததால் மூவரை நகர்த்த முடிந்தது. அந்த அக்டோபரில் லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்திலேயே அவர் ஹோம் பேஸைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலேயே ஓடி ரன் எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருதை ஜான் லெஸ்டருடன் பகிர்ந்துகொண்டார். 108 ஆண்டுகளுக்குப் பிறகு கப்ஸுக்குக் கோப்பை வந்தது. ஓடிவருபவனைக் கையுறையால் தொட்டு அவுட்டாக்கும் கலையில் பாயெஸுக்கு இணையாக யாரையும் நான் பார்த்ததில்லை. பந்து வரும்போதே கை போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பெட்ஸ் இந்த வரிசையில் அன்று மூன்றாவது. டென்னசியின் நாஷ்வில்லில் ஓவர்டன் பள்ளி மாணவர்; ஒல்லி; ஐந்தடி ஒன்பது அங்குலம். கூடைப்பந்தும், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங்கும் ஆடுவார், பௌலிங்கில் மாநில அளவில் பெயர் எடுத்தவர். ஓட்டமும் துள்ளலும் உண்டு. ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்புக்கு அவருடைய கை போதுமா என்பது தெரியவில்லை. மேஜர் லீக்குக்குக் கீழான மைனர் லீக்கில் அவரை முக்கியமாக இரண்டாம் பேஸில்தான் ஆட வைத்தார்கள்.

மட்டைக்கு வந்தால் வரிசை மாறுகிறது.

பாயெஸின் மட்டை வேகம் பார்க்கிறவரை மயக்கும். 2013-இல் மைனர் லீக்கின் இரண்டு நிலைகளில் 37 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, களத்தைத் தாண்டும் அடி). அதில் ஓர் ஆட்டத்தில் மட்டும் நான்கு. அறிக்கையில் வலு என்ற கட்டத்தில் பெரிய எண்ணைப் போடாமல் எந்த ஸ்கவுட்டாலும் இருந்திருக்க முடியாது. ஆனால் அடிக்கக் கூடாத பந்துக்கும் அதே வேகத்தில் மட்டையை வீசுவார். 2014 ஆகஸ்டில் மேஜர் லீக்குக்கு வந்து 52 ஆட்டங்களில் 95 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது தவறவிட்ட பந்துகள், ஆகி வெளியேறுவது), அடித்தல் சராசரி .169 மட்டுமே. அதன் பிறகு முன்னேறினார், அதை மறுக்க முடியாது. 2018-இல் 34 ஹோம் ரன்களுடன் தேசிய லீக்கின் மதிப்புமிக்க வீரர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். அந்தப் பொன்னான ஆண்டிலும் வாக் (தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்துபோவது) 29, ஸ்ட்ரைக் அவுட் 167. டெட்ராய்ட் டைகர்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்த பிறகு அந்தக் கணக்கு வட்டியோடு திரும்பி வந்தது. பந்து வீசுபவர்கள் வெளியே வளைந்து போகும் ஸ்லைடர் பந்தைத் தொடர்ந்து போட, அவர் தொடர்ந்து துரத்தினார்.

லிண்டோரைப் பற்றி அன்று எழுதப்பட்டது இதற்கு எதிர்மாறு: வலம், இடம் இரு பக்கமும் நின்று மட்டை பிடிப்பார், பந்தை நன்றாகப் பார்ப்பார், வலு வருமா தெரியாது. மைனர் லீக்கில் அவர் அடித்த ஹோம் ரன்கள் குறைவு. 2013-இல் அவருடைய வாக்கும் ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறக்குறைய சமம். பிறகு உடம்பு முதிர்ந்தது, வலு தானாக வந்தது. 2017-இல் 33 ஹோம் ரன்கள், 2018-இல் 38.

பெட்ஸின் கதை இன்னும் கூர்மையானது. 2012-இல் பாஸ்டனின் மைனர் லீக் அணியான லோவெலுக்காக 71 ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட இல்லை. அந்த ஆண்டின் வெறும் எண்ணைப் பார்த்தவர் அவரை ஒதுக்கியிருப்பார். ஆனால் அவர் தவறான பந்துக்கு மட்டையை வீசுவது அரிது, வீசினால் படாமல் போவதும் அரிது. மறு ஆண்டு 15 ஹோம் ரன்கள், 38 பேஸ் திருட்டு, ஸ்ட்ரைக் அவுட்டைவிட அதிகமான வாக். ரெட் சாக்ஸ் அப்போது இளம் வீரர்களுக்குக் கணினியில் ஒரு சோதனை வைத்துக்கொண்டிருந்தது. திரையில் வரும் பந்தைக் கண் எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறது என்று அளப்பது அது. அதில் பெட்ஸ் சிறப்பாகத் தேறினார் என்று பின்னாளில் செய்திகள் வந்தன. அவரைத் தொடர்ந்து பார்த்துப் பரிந்துரைத்தவர் அந்தப் பகுதி ஸ்கவுட் டேனி வாட்கின்ஸ். அவருக்கு என் மனதில் தனி மரியாதை உண்டு. ஹோம் ரன் அடிக்காத ஒல்லிப் பையனுக்காகத் தலைமை அலுவலகத்தில் வாதாடுவது எளிதல்ல. அவருடைய அணியே பெட்ஸுக்கு முன் ஏழு பேரை எடுத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2011 கையெழுத்துத் தொகைக்கு உச்சவரம்பு வருவதற்கு முந்தைய கடைசி டிராஃப்ட். ஐந்தாம் சுற்றுப் பையனுக்கு ஏழரை லட்சம் கொடுத்து டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் தடுக்க பாஸ்டனால் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, 172 என்ற எண் பெட்ஸின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது.

இனி இடமாற்றம். 2014-இல் பாஸ்டனின் இரண்டாம் பேஸில் டஸ்டின் பெட்ரோயா அசையாமல் நின்றார். பெட்ஸின் மட்டை மேலே வரத் தயாராக இருந்ததால், மைனர் லீக்கில் இருக்கும்போதே அவரை வெளிக்களத்துக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில், ஜூன் 29 அன்று, யாங்கி ஸ்டேடியத்தில் வலது வெளிக்களத்தில் அறிமுகமானார். பிறகு அந்த இடத்தில் ஆறு தங்கக் கையுறைகள், 2018-இல் .346 சராசரியுடன் அமெரிக்க லீக்கின் மதிப்புமிக்க வீரர் பட்டம். டாட்ஜர்ஸுக்குப் போன பின், முப்பது வயதைத் தாண்டி, ஷார்ட்ஸ்டாப்புக்குத் திரும்பினார். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்து அவரிடம்தான் வந்தது. தானே இரண்டாம் பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்து, இரட்டை அவுட்டோடு கோப்பையை முடித்துவைத்தார். முப்பத்து மூன்று வயதில் ஷார்ட்ஸ்டாப்பைக் கற்றுத் தேறியவர்கள் மிகச் சிலர்.

பாயெஸும் 2025-இல் டெட்ராய்டில் நடு வெளிக்களத்துக்கு மாறி, வெளிக்கள வீரராகவே, சிறந்த வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க வரிசையில் தேர்வானார். கைவிடப்பட்டார் என்று பலர் எழுதிய நிலையில் வந்த மீட்சி அது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. ஆனாலும் இரண்டு இடமாற்றங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்ஸை நகர்த்தியது அவருடைய மட்டைக்கு இடம் தேடி. பாயெஸை நகர்த்தியது, மட்டை தடுமாறியபோதும் அணிக்கு அவர் கைகள் தேவைப்பட்டதால்.

அப்படியானால் 2011 ஜூனில், அன்று தெரிந்ததை மட்டும் வைத்து, யாரை எடுப்பது? எட்டாவது இடத்தில் இருந்தால் லிண்டோரையே எடுப்பேன். இடம் உறுதி, கண் உறுதி, வலு மட்டுமே கேள்வி. அந்தக் கேள்விக்குக் காலம் பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். பாயெஸை ஒன்பதில் எடுத்த கப்ஸையும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கைகள் இருக்கும்வரை அவர் முற்றிலும் வீணாக வழியே இல்லை. ஆனால் இருவரும் ஒருசேரக் கிடைத்தால் பாயெஸின் மட்டை வேகத்துக்காக லிண்டோரை விட மாட்டேன். பெட்ஸை முதல் பத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது நேர்மையாகாது. இரண்டாம் சுற்றில் எடுத்திருக்கலாம், அதற்கு வேண்டிய சான்று அன்றே இருந்தது. அதே டிராஃப்டில் 45-ஆவதாகப் போன டிரெவர் ஸ்டோரியை, பள்ளி ஷார்ட்ஸ்டாப் என்ற அதே தகுதியில், கொலராடோ சரியாகவே கணித்தது.

இன்று ஒரு பள்ளி மைதானத்தில் இப்படி ஒரு பையனைப் பார்க்கப் போகிற ஸ்கவுட்டிடம் நான் கேட்பது இரண்டே. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு, வெளியே விலகும் பந்துக்கு அவன் மட்டை எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணி வாருங்கள். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாமல், வாரம் வாரம் அந்த எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள். பயிற்சியின்போது அவனை இரண்டாம் பேஸில் நிறுத்தி, அவன் பழகாத பக்கத்திலிருந்து இரட்டை அவுட்டுக்குச் சுழலச் சொல்லுங்கள். முதல் முறை கால் தடுமாறினால் கவலை இல்லை. பத்தாவது முறை அந்தக் கால் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு வந்து அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள்.