பழைய பொலேரோவா, பழைய ஸ்கார்ப்பியோவா?

காரைக்குடிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் வண்டி ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் நின்று, வீட்டார் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வரும்போது மட்டும் வெளியே வருவதால், பழைய வண்டி வாங்குவோர் ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட நிற்பதால் வரும் பழுதையே முதலில் கணக்கிட வேண்டும்.

2000இல் அறிமுகமான பொலேரோவின் தொடக்ககால டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்ப் இயந்திரமுறையில் இயங்குவது. நின்றே கிடக்கும் வண்டியின் டீசலில் நீர் சேர்ந்து பம்ப் கெட்டாலும், கழற்றிச் சரிசெய்ய உள்ளூரிலேயே கைதேர்ந்தவர்கள் உண்டு. பின்புற லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். குலுக்கலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கார்ப்பியோவின் 2.2 லிட்டர் எம்-ஹாக் எஞ்சின் காமன் ரெயில் வகையைச் சேர்ந்தது; அதாவது, டீசலை ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கி, மின்னணுக் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் வழியே பீய்ச்சுவது. அதே நீர் அதன் 4 இன்ஜெக்டர்களைக் கெடுத்தால், புதிதாகப் போடுவதற்கு ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகக்கூடும். கொட்டகை எலி (அதற்கு எந்த வண்டியானாலும் ஒன்றுதான்) சென்சார் ஒயரைக் கடித்துவிட்டால், ஸ்கேனர் இல்லாமல் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மாதந்தோறும் சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு ஸ்கார்ப்பியோவே சுகம். நின்று நின்று ஓடும் வண்டிக்கு நான் பொலேரோவையே எடுப்பேன். எதுவானாலும் காலையில் எஞ்சின் சூடாகாதபோது கிளப்பி, ஆயில் மூடியைத் திறந்து, புகை குப்குப்பென்று வருகிறதா (வந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கலாம்) என்று பார்த்தபின் விலை பேசுங்கள்.