ஒலியால் குழப்பும் சொற்களுக்கு உதவும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி

ஆங்கிலத்தில் ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்னும் இரண்டு சொற்களும் வேகமான பேச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இரண்டிலும் அழுத்தம் பின்னசையில் விழுவதால் முதல் உயிர் தேய்ந்துபோகிறது. இப்படிக் காதால் பிரிக்க முடியாத சொற்களைப் பொருளால் பிரித்துக் காட்டுவதில், நான் பயன்படுத்திய அகராதிகளுள் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி வேறு இருவருடன் சேர்ந்து தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியே இதன் மூலம். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஆங்கிலத்தைப் பிற மொழியாகக் கற்பவர் எங்கே இடறுவார் என்பதை வகுப்பறையில் கண்டறிந்தவர்களின் அக்கறை இன்றைய பதிப்பிலும் தெரிகிறது.

இந்த இணைக்கு ‘விச் வேர்டு’ என்ற தலைப்பில் தனிக் கட்டமே உண்டு. தாக்கம் ஏற்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல் அஃபெக்ட். அந்தத் தாக்கத்தையோ விளைவையோ குறிக்கும் பெயர்ச்சொல் எஃபெக்ட். எஃபெக்ட் வினையாக வரும்போது ஒன்றை உண்டாக்குதல் அல்லது நிறைவேற்றுதல் என்று பொருள்படும் என்பதையும், அது அருகிய வழக்கு என்பதையும் கட்டம் மறவாமல் சொல்கிறது. ஒரே வாக்கியத்தை இரு சொற்களாலும் அமைத்துக் காட்டுவதால், எஃபெக்டுக்குப் பின் ‘ஆன்’ வருவதும் அஃபெக்டுக்கு அது வேண்டாததும் விதியாகச் சொல்லப்படாமலே மனத்தில் பதிகின்றன. நம் மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுவே. ‘பாதித்தல்’ என்ற ஒற்றைப் பொருளோடு அஃபெக்டைக் கற்றவர் அதைத் தீமைக்கே உரிய சொல்லாக எண்ணிவிடுகிறார். மனத்தை நெகிழச் செய்வதும் அஃபெக்ட்தான் என்பதை இவ்வகராதியின் எடுத்துக்காட்டுகள் உணர்த்துகின்றன. (நம் பேச்சில் புழங்கும் சைட் எஃபெக்ட், சவுண்ட் எஃபெக்ட் ஆகியவற்றில் வருவது பெயர்ச்சொல் என்பதை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.)

தமிழ்ப் பொருள் இதில் இல்லை. விளக்கங்கள் எளிய சொற்களால் அமைந்திருப்பதால் மேல்நிலை வகுப்பினர் சற்று முயன்றால் படித்துவிடலாம். தொடக்க நிலையினருக்கு இருமொழி அகராதியே ஏற்றது. இலவச இணையப் பதிப்பில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளைக் கேட்கலாம். ஆயினும் அச்சு நூலையே பரிந்துரைக்கிறேன்: எக்கனாமிக்–எக்கனாமிக்கல், சென்ஸிபிள்–சென்ஸிடிவ் போன்ற இணைகளுக்கான கட்டங்கள் பக்கம் புரட்டும்போது தாமே கண்ணில் படும், இணையத்திலோ, ஐயம் எழுந்தவர் மட்டுமே அவற்றைத் தேடிச் செல்வார்.