பழைய செஸ்னா 172-ஆ, பழைய ஆர்வி-6-ஆ: காகிதம் சொல்லும் கதை

அமெரிக்காவில் பழைய சிறுவிமானம் வாங்குபவர் எஞ்சினுக்கு முன் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

செஸ்னா 172 சான்றளிக்கப்பட்ட வடிவமைப்பு. ஆண்டு ஆய்வை ஐஏ எனப்படும் கூடுதல் ஆய்வு அதிகாரம் உள்ள மெக்கானிக்தான் முடித்துக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் கட்டாய உத்தரவுகள் ஒவ்வொன்றும் நிறைவேறியதற்குப் பதிவு வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பூட்டு ஊசி இறங்கும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மேலெழும்பும்போது இருக்கை பின்னால் வழுக்கலாம். விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரமும் கூடவே இழுபடலாம். விரலால் தடவிப் பாருங்கள். பெரிய மாற்றம் செய்திருந்தால் அதைப் பதிவுசெய்யும் எஃப்ஏஏ படிவம் 337 இருக்க வேண்டும். எஃப்ஏஏவிடம் விமானத்தின் கோப்பை வாங்கி, கண்ணில் படும் மாற்றங்களோடு ஒப்பிடுங்கள். படிவம் இல்லாத மாற்றத்தை ஆண்டு ஆய்வில் மெக்கானிக் ஏற்க மறுக்கலாம். செலவு உங்கள் தலையில்.

ஆர்வி-6 தனியார் கையால் கட்டிய 'பரிசோதனை' வகை. வேகம் அதிகம், உதிரிபாகத்திலும் சுதந்திரம். 12 மாதத்துக்கு ஒருமுறை விமானத்தின் நிலையைப் பார்க்கும் ஆய்வுக்கு ஐஏ தேவையில்லை, விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் சான்று பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக் போதும். கட்டியவரே இந்த ஆய்வைச் செய்ய அனுமதிக்கும் ரிப்பேர்மேன் சான்று விமானத்தோடு கைமாறாது. பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த விமானத்துக்கு எஃப்ஏஏ விதித்த இயக்க வரம்புகள் தாள் தொலைந்திருந்தால் பறக்க முடியாது. கட்டி முடித்ததும் செய்யும் முதல்கட்டச் சோதனைப் பறப்பு முடிந்தது என்ற பதிவையும் தேடுங்கள்.

வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் செஸ்னாதான். சொந்தமாகப் பறக்கவும், கட்டுமானத்தை நன்கறிந்த மெக்கானிக் அருகில் இருக்கவும் செய்தால் ஆர்வியையே எடுப்பேன்.