கப்பலில் இரவு உணவு: குறித்த நேரமா, விரும்பிய நேரமா? ஐந்து பயணங்களில் கண்டது

2013 இல் முதன்முறையாகச் சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து நான்கு இரவுப் பயணத்துக்கு இடம் பதிவு செய்தபோது, படிவத்தில் இருந்த ஒரு கேள்வியை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை. இரவு உணவை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் உண்ண விருப்பமா, அல்லது நினைத்த நேரத்தில் வந்து உண்ண விருப்பமா என்பதே அந்தக் கேள்வி. எந்தத் தளத்தில் கேபின், ஜன்னல் உண்டா, லிஃப்டுக்குப் பக்கமா என்பதில்தான் எங்கள் கவனமெல்லாம் இருந்தது. உணவு நேரத்தைப் பயண முகவரே நிரப்பிவிட்டார். அதன்பின் 2018, 2019, 2023, 2024 என மேலும் நான்கு முறை கப்பலில் போய்வந்துவிட்டோம். இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில், கேபினைவிட இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் இப்போது அதிக நேரம் செலவிடுகிறேன்.

குறித்த நேர முறையைப் புரிந்துகொள்ள நமக்குக் கல்யாணப் பந்தியைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. கப்பலின் பிரதான உணவுக்கூடத்தில் எல்லாப் பயணிகளும் ஒரே சமயத்தில் உட்கார இடம் போதாது. ஆகவே மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டு அல்லது எட்டரைக்கு இரண்டாம் பந்தி என்று பிரிக்கிறார்கள். உங்களுக்கென ஒரு மேசை எண் உண்டு. பரிமாறுபவரும் அவருடைய உதவியாளரும் பயணம் முடியும்வரை மாறுவதில்லை. விரும்பிய நேர முறையில் அந்தக் கூடத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ ஐந்தரையிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை திறந்திருக்கும். நீங்கள் முன்பதிவு செய்தோ செய்யாமலோ வரலாம், காலியாகும் மேசையில் உட்கார வைப்பார்கள். நார்வீஜியன் குரூஸ் லைன் 2000 ஆம் ஆண்டில் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் பந்தி முறையையே கைவிட்டது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விரும்பிய நேரத்தைக் கூடுதல் வாய்ப்பாகக் கொண்டுவந்தன. ராயல் கரீபியனில் அதன் பெயர் மை டைம், கார்னிவலில் யுவர் டைம்.

எங்கள் முதல் பயணத்தில் முகவர் குறித்திருந்தது முதல் பந்தி. இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய குடும்பம் மாலை ஐந்தரைக்கு மேசைமுன் உட்கார்ந்தால் என்ன பசி இருக்கும்? கப்பலேறிய நாளில் மூன்று மணி வரை பஃபேயில் மதிய உணவு உண்டிருந்தோம். அன்று மாலை என் கணவர் சூப்போடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இனிப்பை மட்டும் உண்டார்கள். ஃபூக்கெட்டில் கப்பல் கரையோரம் கட்டப்படாமல் கடலில் நங்கூரமிட்டு நின்றது. சிறு படகில்தான் திரும்ப வேண்டியிருந்ததால், படகுக்கு வரிசையில் நின்று, உப்பும் மணலுமாகக் கேபினுக்கு வந்து குளித்து முடித்தபோது மணி ஆறேகாலைத் தாண்டிவிட்டது. உணவுக்கூடத்தின் கதவும் சாத்தப்பட்டிருந்தது. பஃபே திறந்திருந்ததால் பட்டினி இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகவே, இனிமேல் குறித்த நேரமே வேண்டாம் என்று கோபத்தில் முடிவு செய்தோம். தவறு நேரத்தில் இருந்ததே ஒழிய முறையில் இல்லை என்பது அப்போது புரியவில்லை.

2018 இல் பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு மத்தியதரைக் கடல் பயணம் போனபோது, வேறு வழியில்லாமல் இரண்டாம் பந்தியில் சேர்ந்தோம். ஐரோப்பியப் பயணிகள் இரவு தாமதமாக உண்பவர்கள் என்பதால் எங்கள் நேரம் எட்டே முக்கால். அந்தத் துறைமுகங்களுக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்தது. ரோம் நகரைப் பார்க்க இறங்கும் துறைமுகமான சிவிட்டாவெக்கியா, ரோமிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிளாரன்ஸுக்கு லிவோர்னோவில் இறங்க வேண்டும். நாள் முழுதும் நடந்து, ரயிலில் திரும்பி, கால் கழுவிக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்தெழுந்த பிறகுதான் யாருக்கும் சாப்பிடத் தோன்றும். முதல் பந்திக்காரர்கள் சுற்றிப் பார்த்த உடையோடு நேராக உணவுக்கூடத்துக்குப் போனதைப் பார்த்தபோது எங்கள் 2013 நினைவுக்கு வந்தது. இரவுக் காட்சிகளில் எங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. பந்தி இரண்டு என்பதால் அரங்கக் காட்சியையும் இருமுறை நடத்துகிறார்கள். பிந்திச் சாப்பிடுபவர்கள் முந்திய காட்சிக்குப் போய்விடலாம்.

பரிமாறுபவர் மாறாமல் இருப்பதன் அருமையும் அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. எங்கள் மேசைக்கு வந்தவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த இளைஞர். என் அம்மா சைவம். குளிர்ந்த நீர் குடிக்க மாட்டார். சோறோ ரொட்டியோ எதுவானாலும் கடைசியில் இரண்டு கரண்டி தயிர் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது. முதல் இரவு இவை ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்னோம். இரண்டாம் இரவு அவரே கேட்டு உறுதி செய்துகொண்டார். மூன்றாம் இரவு நாங்கள் நாற்காலியை இழுக்கும்போதே அம்மாவின் இடத்தில் வெந்நீர்க் குவளையில் ஆவி பறந்துகொண்டிருந்தது; பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் சன்னமாக அரிந்த பச்சை மிளகாய். இனிப்பு வரும் நேரத்தில், கேட்காமலே தயிர்க் கிண்ணத்தை அம்மாவின்முன் வைத்து, கையிலிருந்த துணியால் கரண்டியை ஒருமுறை துடைத்து நேராக வைத்துவிட்டு நகர்ந்தார். அம்மா அவரை ஏழு நாளும் தம்பி என்றே அழைத்தார். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது: மறுநாளின் பட்டியலைத் தலைமைப் பரிமாறுநர் முதல் நாள் இரவே கொண்டுவந்து காட்டி, இறைச்சிச் சாறு சேராமல் எதைச் சமைத்துத் தர முடியும் என்று குறித்துக்கொண்டு போனார். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வழக்கமாக இப்படித்தான் செய்கிறார்கள். நாளுக்கொரு மேசை, நாளுக்கொரு பரிமாறுபவர் என்றால் இந்தக் கதையை ஒவ்வோர் இரவும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும், 2019 இல் மூன்று இரவுதானே என்ற எண்ணத்தில் விரும்பிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கியிருந்தது. அவர் போட்டுக்கொண்ட வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். இரண்டாம் நாள் மாலை, ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்கிட்டு ஆறரைக்குக் கேபினில் ஊசி போட்டோம். ஏழு மணிக்குப் போனால் உணவுக்கூட வாசலில் தொடங்கிய வரிசை படிக்கட்டுவரை நின்றது. ஆறு பேருக்கான மேசை காலியாகவில்லை என்று சொல்லி, கையில் ஓர் அழைப்புக் கருவியைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். இருபது நிமிடம் ஆயிற்று, முப்பது ஆயிற்று. அம்மாவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றதை முதலில் பார்த்தது என் மகள். கையைப் பிடித்தபோது விரல்கள் நடுங்கின. என் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஆரஞ்சுச் சாற்றுப் பெட்டியில் குழலைக் குத்தி அவர் வாயில் வைத்தேன். தரையில் உட்கார வைத்து முழுவதையும் குடிக்கச் செய்தோம். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்துவிட்டார். அதைப் பார்த்த ஊழியர் ஒருவர் உடனே உள்ளே ஓடி இடம் ஏற்பாடு செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. இன்சுலின் போடுபவரோ, நேரம் தவறினால் மயக்கம் வரும் முதியவரோ உடன் இருந்தால், முன்பதிவு இல்லாத விரும்பிய நேர முறையை எடுக்கவே எடுக்காதீர்கள். எந்த முறையானாலும், உணவு தாமதமாகக்கூடிய இடத்தில் ஊசியை எப்போது போடுவது என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் சர்க்கரை கலந்த ஏதாவது ஒன்று எந்நேரமும் இருக்க வேண்டும்.

விரும்பிய நேர முறையின் நெரிசல் பெரும்பாலும் ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில்தான். எல்லோருக்கும் விருப்பமான நேரம் அதுவே என்பதால் எல்லோரும் அப்போது வந்து நிற்கிறார்கள். இருவராகப் போகிறவர்களுக்கு மேசை விரைவில் கிடைத்துவிடும். ஆறு பேர், எட்டுப் பேர் என்று போகும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குத்தான் காத்திருப்பு நீளும். ஆகவே 2023 இல் மீண்டும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு போனபோது வேறுவிதமாகச் செய்தேன். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே, கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் நான்கு இரவுக்கும் ஏழேகால் மணிக்கு இடம் குறித்துவைத்தேன். கப்பலேறிய மதியம் நேராக உணவுக்கூட வாசலுக்குப் போய், முதல் இரவு அமரும் மேசையையே மற்ற இரவுகளிலும் தர இயலுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் உறுதி தரவில்லை என்றாலும், மூன்று இரவு அதே மேசையும் அதே பரிமாறுபவரும் கிடைத்தார்கள். பினாங்கில் உறவினர் வீட்டுக்குப் போய்த் தாமதமான நாளில் ஆப்பிலேயே நேரத்தை எட்டேகாலுக்கு மாற்றிக்கொண்டோம். குறுகிய பயணத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்வது பயன்படும். ராயல் கரீபியன் நிறுவனம் 2014 இன் இறுதியில் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலை இறக்கியபோது, பெரிய உணவுக்கூடத்தையும் பந்தியையும் நீக்கிவிட்டு, நான்கு சிறு உணவகங்களில் நாள்தோறும் முன்பதிவு செய்து உண்ணும் டைனமிக் டைனிங் என்ற முறையைக் கொண்டுவந்தது. முன்பதிவுக் குழப்பமும் காத்திருப்பும் பயணிகளுக்குப் பிடிக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த முறை கைவிடப்பட்டு, பழைய பந்தியும் மை டைம் முறையும் திரும்பி வந்தன. பின்னாளில் சிங்கப்பூரிலிருந்தும் பயணங்கள் நடத்திய கப்பல் அது. பந்தி என்பது பழங்காலத்து வழக்கம், காலப்போக்கில் ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிஸ்னி கப்பல்களில் இன்னும் ஒரு படி மேலே போய், பயணிகள் மூன்று உணவகங்களுக்கு மாறி மாறிச் செல்ல, பரிமாறுபவர்களும் அவர்களோடு கூடவே மாறி வருகிறார்கள். நேரம் அங்கும் குறித்த நேரம்தான்.

கடைசியாக 2024 ஜூனில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவு. இம்முறை யோசித்தே முதல் பந்தியை எடுத்தேன். ஜூனோவில் ஜூன் மாதச் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. ஆகவே ஆறு மணிக்குச் சாப்பிட்டு எழுந்தால், மேல் தளத்தில் நின்று மலையையும் கடலையும் பார்க்க இன்னும் நான்கு மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும். பயணத்தின் கடைசி மாலையில் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் இரவு நேரத்தில்தான் நின்றது; முன்கூட்டியே உண்டு முடித்த நாங்கள் உடனே இறங்கிவிட்டோம், இரண்டாம் பந்திக்காரர்கள் உணவா ஊரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஜூனோவில் மட்டும் இரவுவரை கரையிலேயே இருந்ததால் எங்கள் பந்தியை விட்டோம். முதல் நாளே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டதால் அவர் காத்திருக்கவில்லை. வேறு உணவகத்தில் சாப்பிடப் போகும் நாளிலும் இப்படிச் சொல்லிவிடுவதே மரியாதை.

பதிவு செய்யும்போது சில சிறு விஷயங்களைக் கவனியுங்கள். நண்பர் குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார வேண்டுமானால் இரு பதிவுகளும் ஒரே உணவு முறையில் இருக்க வேண்டும். பிறகு அவற்றை இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய வட்ட மேசையில் அறியாதவர்களோடு அமர விருப்பமில்லை என்றால் தனி மேசை வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். கேட்ட பந்தி நிரம்பிவிட்டது என்று சொன்னால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, கப்பலேறிய மதியமே உணவுக்கூடத்தில் பொறுப்பாளரைப் பாருங்கள். மாறுதல்கள் பெரும்பாலும் அந்த மதிய வேளையில்தான் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிவரை நிற்கிறது என்ற அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஐந்தரை, எட்டரை என்ற இரு நேரங்களையும் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்ய ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும்.

வரும் டிசம்பரில் ஐந்து இரவுப் பயணத்துக்கு இடம் போட்டிருக்கிறோம். அதில் இரண்டு நாள் முழுதும் கடலிலேயே கழியும். அம்மாவுக்கு 81 வயது. முதல் பந்தி, ஆறு பேருக்குத் தனி மேசை, சக்கர நாற்காலி திருப்ப இடம் இருக்கும்படி வாசலுக்கு அருகில் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நேரமும் தனி மேசையும் உறுதியாகிவிட்டன, வாசலருகே இடம் மட்டும் கப்பலேறிய பிறகு கேட்க வேண்டும்.